சேலத்திலிருந்து தனியாகக் கடலுக்கு, இரண்டே நாளில்

சேலம் அம்மாபேட்டை, வயது 27, தனியார் ஆபீஸில் கணக்கு வேலை. சனி, ஞாயிறு இரண்டு நாள் தனியாக ஒரு கடற்கரை ஊருக்குப் போய்வர ஆசை. எந்த ஊர் போகலாம், தனியாகப் போகும் பெண்ணுக்கு ரூம் கொடுப்பார்களா, வீட்டில் பயப்படுகிறார்களே என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர் எது என்பதை முதலில் வைத்திருந்தாலும், ‘என்னால் இது முடியுமா’ என்பதுதான் உங்கள் கேள்வியில் கனமாக இருக்கிறது. முடியும். எப்படி என்று எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

நான் அஸ்தம்பட்டிக்காரி. இருபத்து நான்கு வருடமாகப் பள்ளியில் புவியியல் எடுக்கிறேன். மாணவிகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை சுற்றுலா போயிருக்கிறேன். அது போக, 2006 முதல் வருடத்துக்கு ஒரு முறையாவது தனியாகவும் போய்வருகிறேன். ஆகவே கடல், காற்று, மழை பற்றி இங்கே சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். லாட்ஜ், மனிதர்கள் பற்றிச் சொல்வது என் அனுபவம் மட்டும்; உங்களுக்கு வேறு மாதிரி அமையலாம். பஸ் நேரமும் வாடகையும் மாறிக்கொண்டே இருப்பவை. அதற்கெல்லாம் கிளம்பும் வாரம் போன் போட்டுக் கேட்பதுதான் சரி. டூவீலரிலோ காரிலோ தனியாகப் போன பழக்கம் எனக்கு இல்லை, அதனால் பஸ்ஸும் ரயிலும் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். சேலமும் கடலூரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. நம் ஊரிலிருந்து நேர் கிழக்கே கோடு போட்டால் சுமார் 175 கிலோமீட்டரில் கடல் வந்துவிடும். மேற்கே கோடு போட்டால் 250 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் மலைத்தொடர் வேறு. உளுந்தூர்பேட்டை ரோட்டில் போகும்போது ஆத்தூரில் வசிட்ட நதியைப் பார்ப்பீர்கள், பல மாதம் வெறும் மணலாகக் கிடக்கும். அதுதான் கீழே சுவேத நதியோடு சேர்ந்து வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. வகுப்பில் இதைச் சொன்னதும் ஆத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். நம் மாவட்டத்துத் தண்ணீரே கடலுக்குப் போகிற திசை கிழக்கு. இரண்டு நாள் மட்டும் கையில் இருப்பவர் அந்தத் திசையிலேயே போவது நல்லது. ராமேசுவரம், கன்னியாகுமரி எல்லாம் அருமையான இடங்கள். ஆனால் சனி, ஞாயிறில் போனால் பாதி நேரம் பஸ் சீட்டில்தான் கழியும். அவற்றை நீண்ட விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை தனியாகப் போகிறவருக்கு நான் சொல்வது புதுச்சேரி. அழகு மட்டும் காரணம் என்றால் வேறு ஊர்களும் சொல்லலாம். தனி ஆளை உறுத்திப் பார்க்காத ஊர் என்பதுதான் முக்கியக் காரணம். அங்கே ஒரு பெண் தனியாக டேபிளில் உட்கார்ந்து சாப்பிட்டால், பெஞ்சில் உட்கார்ந்து புத்தகம் படித்தால், யாரும் ‘யாரும்மா கூட வந்தது’ என்று கேட்பதில்லை. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் மறுநாள் காலை வரை வண்டிகள் விடுவதில்லை. அந்த ஒன்றரைக் கிலோமீட்டரும் நடப்பவர்களுக்குத்தான். விடியற்காலை ஐந்தரைக்கே வயதானவர்கள், பெண்கள், பிள்ளைகள் என்று கூட்டம் நடக்கத் தொடங்கிவிடும். தனியாக இருக்க வேண்டும், ஆனால் ஆள் நடமாட்டமும் வேண்டும் என்பவருக்கு இதைவிடத் தோதான கடற்கரையை நான் பார்த்ததில்லை. பகலில் வெயில் ஏறியதும் பாரதியார் வாழ்ந்த வீட்டுக்குப் போகலாம். 1908 முதல் 1918 வரை பத்து வருடம் அவர் இருந்தது இந்த ஊரில்தான். அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளும் மணிகளும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பத்து இடம் பட்டியல் போட்டு ஆட்டோவில் ஓடினால் கடல் பார்க்கப் போனதே மறந்துபோகும்.

பயணத்தில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ராத்திரி பஸ் ஏறலாம் என்று தோன்றும், ஒரு நாள் மிச்சமாகிறதே என்று. ஏறாதீர்கள். சேலத்திலிருந்து புதுச்சேரி ஐந்து, ஐந்தரை மணி நேரப் பயணம். பத்து மணிக்கு ஏறினால் மூன்று, மூன்றரைக்குக் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். தெரியாத ஊர் பஸ் ஸ்டாண்டில், ரூம் திறக்காத நேரத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு விடியும் வரை உட்காருவதுதான் தனிப் பயணத்திலேயே மோசமான பகுதி. நான் ஒரு தடவை அப்படி உட்கார்ந்திருக்கிறேன். ஆபத்து ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் வந்த பயம் அன்று முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் புது பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். நேர் பஸ் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் விழுப்புரம் போய் மாறிக்கொள்ளலாம், அங்கிருந்து புதுச்சேரிக்கு அடிக்கடி பஸ் உண்டு, ஒரு மணி நேரம். பதினொன்றுக்குள் பட்டப்பகலில் இறங்கிவிடுவீர்கள். ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் திரும்பினால் இரவு எட்டுக்கெல்லாம் வீடு.

இனி ரூம். தனி ஆளுக்கு ரூம் தரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அடையாள அட்டை கேட்பார்கள், அதைக் கேட்கும் கடமை அவர்களுக்கு உண்டு. ஆனாலும் ‘சிங்கிளா வந்தா ரூம் இல்லைம்மா’ என்று சொல்லும் லாட்ஜுகள் கடற்கரை ஊர்களில் இன்றும் இருக்கின்றன. 2006இல், முதல் தடவை, ஒரு கோயில் ஊரில் மூன்று லாட்ஜ் ஏறி இறங்கினேன். நான்காவது இடத்தில் வயதான மேனேஜர் ஒருவர் என் அண்ணனுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு அவரே சொன்னார், தனியாக வந்து ரூம் எடுத்தவர்கள் தவறான முடிவு எடுத்து, லாட்ஜ்காரர்கள் ஸ்டேஷனுக்கு அலைந்த கதைகளை. காரணம் புரிந்தது. ஆனால் அதற்காக ஊருக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணையும் சந்தேகமாகப் பார்ப்பது நியாயமாகாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அதனால் ஆப்பில் பணம் கட்டியதோடு விடாதீர்கள். லாட்ஜுக்கே போன் செய்து, ‘ஒரே ஆள், பெண், ஒரு ராத்திரி, சேலத்திலிருந்து வருகிறேன்’ என்று முழுதாகச் சொல்லி, சரி என்று வாங்கிக்கொள்ளுங்கள். பேசியவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரைச் சொன்னாலே ரிசப்ஷனில் பாதிக் கேள்வி குறைந்துவிடும். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன. ராத்திரி கதவு பூட்டும் நேரம் உண்டு, மது, புகை கூடாது. தனியாகப் போகும் பெண்ணுக்கு அந்தக் கட்டுப்பாடே நிம்மதி. பெண்களுக்கு மட்டும் என்று டார்மிட்டரி வைத்திருக்கும் ஹாஸ்டல்களும் உண்டு. எங்கே தங்கினாலும், ரூமுக்குள் போனதும் தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி, பாத்ரூம் வென்டிலேட்டர் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் பையைப் பிரியுங்கள். தாழ்ப்பாள் ஆடினால் வேறு ரூம் கேளுங்கள், தயங்காதீர்கள்.

வீட்டாரிடம் தோழியோடு போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் போகும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு சின்னச் சிக்கல் வந்தால்கூட உதவி கேட்க முடியாத நிலைமையை நீங்களே உண்டாக்கிக்கொள்வீர்கள். என் அம்மாவுக்கு நான் கொடுத்தது ஒரு தாள்: லாட்ஜ் பெயர், அங்கே உள்ள போன் நம்பர், போகிற பஸ், திரும்புகிற பஸ். காலை ஒன்பது மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் நானே கூப்பிடுவேன், நடுவில் நீங்கள் கூப்பிட வேண்டாம் என்று பேசிக்கொண்டோம். எட்டு மணி என்றால் எட்டு மணிக்குக் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை போகும்போது அம்மாவே ‘பஜ்ஜி கிஜ்ஜி தின்னுட்டு வயித்தைக் கெடுத்துக்காதே’ என்று மட்டும்தான் சொன்னார். போனில் இருக்கும் இடத்தை ஒரே ஒருவருக்குப் பகிர்ந்து வையுங்கள். ஊரறிய ஸ்டேட்டஸ் போடுவதைத் திரும்பி வந்தபின் வைத்துக்கொள்ளலாம். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, தமிழகக் கடலோரக் காவலுக்கு 1093. மூன்றையும் போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கடல். இதில் மட்டும் கொஞ்சம் டீச்சராகவே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போனால் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதீர்கள். என் விதி இது, பதினெட்டு வருடமாக மாற்றவில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் ‘எனக்கு நீச்சல் தெரியும் மிஸ்’ என்பார்கள். கிணற்றிலும் ஏரியிலும் கற்ற நீச்சல் அது. கிணற்றுத் தண்ணீர் நம்மை எங்கேயும் இழுத்துப்போகாது. கடல் இழுக்கும். அலைகள் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். மணல்மேட்டில் இடைவெளி இருக்கும் இடத்தில் அது ஓடையாகக் கடலுக்குள் பாயும். அந்த இடத்தில் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருக்க, நடுவில் மட்டும் அமைதியாக, சற்று இருண்டோ மண் கலங்கியோ தெரியும், நுரை கரையை விட்டுக் கடலுக்குள் நகரும். தெரியாதவர்கள் ‘இங்கே அலையே இல்லை’ என்று சரியாக அந்த இடத்தில்தான் இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தக்கூடாது. ஓட்டம் ஆளைக் கீழே அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, ஓட்டத்தை விட்டு வெளியே வந்தபின் திரும்ப வேண்டும். கையை உயர்த்தி ஆட்டினால் கரையில் யாராவது பார்ப்பார்கள். தனியாகப் போனால் அப்படிப் பார்க்க ஓர் ஆள் இருப்பாரா என்பதே சந்தேகம், அதனால்தான் முழங்கால்.

அந்த அளவிலும் கவனம் வேண்டும். ஒருமுறை கடலூர் வெள்ளிக் கடற்கரையில் கணுக்கால் தண்ணீரில் நின்றிருந்தேன். அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியிலிருந்து மணலை அரித்துக்கொண்டு போகும், தெரியுமல்லவா, கூச்சமாக, காலடியில் குழி விழுவது போல? அந்தச் சுகத்தில் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு குதிகாலும் புதைந்த நேரத்தில் அடுத்தது பெரிய அலை. முட்டியில் அடித்து மல்லாக்கத் தள்ளியது. எழுந்திருக்க இரண்டு அலை ஆயிற்று. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்து, ‘கடலுக்கு முதுகைக் காட்டாதே, காலை நட்டும் வைக்காதே, மாத்திக்கிட்டே இரு’ என்றார். புத்தகத்தில் நான் படிக்காத பாடம் அது. இன்றுவரை மாணவிகளுக்கு அவர் வார்த்தையிலேயே சொல்கிறேன்.

வானம் தெளிவாக இருந்தால் கடலும் அமைதியாக இருக்கும் என்பது தவறு. எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் வீசிய காற்று எழுப்பிய அலை பல நாள் பயணம் செய்து, காற்றே இல்லாத ஒரு நாளில் நம் கரையில் வந்து மோதும். கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டது அப்படியொரு எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது, செய்திகளிலும் வரும். கிளம்பும் முன் ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள். புதுச்சேரியில் இன்னொன்று: கடற்கரைச் சாலையை ஒட்டிக் கருங்கல் கொட்டியிருக்கும். 1980களின் இறுதியில் தெற்கே துறைமுகத் தடுப்புச் சுவர் வந்ததும், வடக்கு நோக்கி நகரும் மணல் அங்கேயே நின்றுவிட, நகரத்தின் மணற்கரை அரித்துப்போயிற்று. அந்தக் கற்கள் அதற்குப் பிறகு கொட்டியவை. கொஞ்ச வருடம் முன்பு கடலுக்குள் ஒரு தடுப்பு அமைத்ததால் ஒரு பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது. கால் நனைக்க அந்த மணல் இருக்கிறது, பாசி பிடித்த கற்களின்மேல் போட்டோவுக்காக இறங்க வேண்டாம்.

சரி, பயம் போதும். தனிமை பற்றியும் கேட்க நினைத்திருப்பீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழு வரைதான் கஷ்டமான நேரம். எல்லோரும் குடும்பமாக வருவார்கள், பலூன், சுண்டல், குழந்தைகள். நாம் மட்டும் ஏன் இப்படி வந்தோம் என்று தொண்டை அடைக்கும். முதல் தடவை எனக்கு அடைத்தது. அந்த நேரத்தில் போனை எடுக்காமல் இருந்தால் அது தானாகக் கடந்துபோகும். இதற்கு நான் கண்ட நல்ல வழி நிலா. முடிந்தால் பௌர்ணமிக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ சனிக்கிழமையாக வருகிற வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். கிழக்குக் கரையில் சூரியன் கடலில் மறையாது, நிலா கடலில் உதிக்கும். பௌர்ணமி அன்று பொழுது சாயும்போதே வந்துவிடும், வெளிச்சத்தில் எடுபடாது. அதன் பிறகு நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளித்தள்ளி வரும். ஆகவே மறுநாள் நன்றாக இருட்டியபின், ஏழு மணி வாக்கில், தொடுவானத்தில் முதலில் ஒரு செம்மை தெரியும், தூரத்தில் படகு எரிகிறதோ என்று தோன்றும். பிறகு செம்புத் தட்டின் விளிம்பு மாதிரி ஒரு கீற்று. முழுதாக வெளியே வர இரண்டு, மூன்று நிமிடம்தான். அதன் பிறகு தண்ணீரில் ஒரு பாதை விழும், நீங்கள் எங்கே நின்றாலும் உங்கள் காலடிக்கே வரும். அந்த மூன்று நிமிடத்துக்காக நான் திரும்பத் திரும்பப் போயிருக்கிறேன். பக்கத்தில் யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லையே என்று அப்போது சந்தோஷமாகத்தான் இருக்கும்.

மறுநாள் விடியலைத் தவறவிடாதீர்கள். நம் ஊரைவிட அங்கே ஆறு நிமிடம் முன்னதாகவே விடிந்துவிடும், மலை மறைப்பதும் இல்லை. அப்புறம், இருட்டியபின் வெளிச்சமுள்ள கடற்கரைச் சாலையை விட்டு நகராதீர்கள். ஊருக்கு வெளியே உள்ள மணற்கரைகள் எல்லாம் பகலுக்கு மட்டும்.

மாதம் என்று பார்த்தால் பொங்கல் முடிந்து மார்ச் வரை நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் காலம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது அங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது அங்கேயே நிற்கவில்லை. அடுத்தடுத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், ஏற்காடு மலைப்பாதையில் மண்சரிவு. கடலில் புயல் என்றால் திரும்பி வரும் வழியும் நம் ஊரும்கூடச் சேர்ந்து அடிபடும் என்று அப்போது கண்ணால் பார்த்தோம். ஏப்ரல், மேயில் நம் ஊர் வெயிலுக்குத் தப்பிப் போவதாக நினைத்தால் ஏமாற்றம்தான். இங்கே காய்ச்சும், அங்கே புழுங்கும், வியர்வை காயாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை வேறு, மீன் சாப்பிட ஆசை என்றால் அந்த மாதங்கள் வேண்டாம். மாசி மகம், ஆகஸ்ட் 15, வருடப் பிறப்பு நாட்களில் ரூம் கிடைப்பது கஷ்டம்.

இது பிடித்துப்போய் இரண்டாவது தடவை கிளம்பினால் தரங்கம்பாடிக்குப் போங்கள். திருச்சி, தஞ்சாவூர், மயிலாடுதுறை என்று மாறிமாறிப் போக வேண்டும், நீண்ட பயணம், ஒரு திங்கட்கிழமை லீவு சேர்த்தால்தான் சரிப்படும். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, கடல் பாதியைத் தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில், அவ்வளவுதான் ஊர். ராத்திரி எட்டுக்கெல்லாம் அடங்கிவிடும். தனியாக இருந்து பழகியவருக்கு அது சொர்க்கம், முதல் தடவைக்கு அந்த அமைதி கனமாக இருக்கும். சூரியன் கடலில் மறைவதைப் பார்க்க வேண்டுமென்றால் சேலம் ஜங்ஷனிலிருந்து ராத்திரி ரயிலில் கொச்சியோ கோழிக்கோடோ போகலாம். விடிந்தபின் இறங்குகிற ரயிலாகப் பார்த்து எடுங்கள்.

பையில் குறைவாக வையுங்கள். சீக்கிரம் காயும் இரண்டு பருத்தி உடை, மெல்லிய துண்டு, போனுக்கு ஒரு ஜிப் கவர், ஆதார் நகல் இரண்டு, சில்லறையாகக் கொஞ்சம் ரொக்கம். ஷூ வேண்டாம், பழைய செருப்புப் போதும். வழியில் கொறிக்கத் தட்டுவடை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கடற்கரையில் பிரித்தால் அரை மணியில் நமத்துவிடும், பஸ்ஸிலேயே தின்றுவிடுங்கள். சீட்டு விஷயத்தில் ஒன்று: ஜனவரியிலிருந்து மார்ச் வரை சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். போகும்போது இடது பக்க ஜன்னல், திரும்பும்போது வலது பக்க ஜன்னல். இரண்டு நாளும் வெயில் முகத்தில் படாது.